ஹெல்த் டிப்ளோமாவுக்கு காசு கட்ட முதல் போட்டுப் பாக்க வேண்டிய கணக்கு (திருகோணமலைப் பிள்ளைகளுக்கும் அம்மா அப்பாமாருக்கும்)

ஏ.எல். ரிசல்ட் வந்த கையோட எங்கட ஊர் வட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் போஸ்டர் ஓடத் தொடங்கும். வெள்ளைக் கோட் போட்ட ஒரு பிள்ளை, கழுத்துல ஸ்டெதஸ்கோப் (லேப்ல வேலை செய்யிற ஆளுக்கு அது எதுக்கு எண்டு யாரும் கேக்குறல்ல), கீழ கோர்ஸ் பீஸ், அதுக்குக் கீழ "மாதம் இவ்வளவு வரை சம்பாதிக்கலாம்" எண்டு ஒரு நம்பர். அந்த ரெண்டு நம்பரையும் வச்சுத்தான் கனக்க வீட்டுல முடிவெடுக்கிறாங்க. பீஸ் அஞ்சு லட்சம், சம்பளம் எழுபதாயிரம், அப்ப எட்டு மாசத்துல காசு திரும்ப வந்துரும் எண்டு. அப்பிடி வராது. ஏன் வராது, சரியான கணக்கை எப்பிடிப் போடுற எண்டுதான் இதுல எழுதுறன், ஒரு கொப்பியும் போன்ல இருக்கிற கல்குலேட்டரும் போதும்.

நான் சொல்றது டொக்டர் படிப்பைப் பத்தி இல்ல. மெடிக்கல் லேப், பார்மசி, ரேடியோகிராபி, பிசியோதெரபி, ஈசிஜி எடுக்கிறது, இந்த மாதிரி ரெண்டு மூண்டு வருஷப் படிப்புகள். அமெரிக்காவுல இப்பிடி ரெண்டு வருஷப் படிப்புக்கு அசோசியேட் டிகிரி எண்டு பேர், எங்கட நாட்டுல அந்தப் பேர்ல ஒண்டும் இல்ல, கிட்டத்தட்ட என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 5, 6ல வாற டிப்ளோமாவும் ஹெல்த் மினிஸ்ட்ரி குடுக்குற பயிற்சியும்தான் அந்த இடத்துல நிக்குது. என்விகியூ 7 எண்டா டிகிரி மட்டம்.

காசைத் தொட முதல் ஒரு கேள்வி இருக்கு. இந்தக் கோர்ஸ முடிச்சா யாரு என்னைப் பதிவாங்க? பார்மசிஸ்ட், எம்எல்டி (மெடிக்கல் லேப் டெக்னோலஜிஸ்ட்), ரேடியோகிராபர், பிசியோ எல்லாம் மருத்துவக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வாற தொழில், இலங்கை மருத்துவ சபையில பதிவு வேணும். பதிவு இல்லாட்டி கவர்மென்ட் ஹொஸ்பிட்டல் கதவு மூடி, நல்ல பிரைவேட் ஹொஸ்பிட்டல் கதவும் பாதி மூடி, வெளிநாடு போறதும் கஷ்டம். அப்ப மிச்சம் இருக்கிறது "லேப் அசிஸ்டன்ட்", "பார்மசி அசிஸ்டன்ட்" எண்டு சொல்ற வேலைதான், அந்த வேலைக்கு டிப்ளோமாவே தேவையில்ல, ஏ.எல். முடிச்ச பிள்ளையை எடுத்து மூண்டு மாசத்துல பழக்கிடுவாங்க.

இன்ஸ்டிடியூட்காரர் சொல்ற பதில் பெரும்பாலும் "நாங்க டிவெக்ல ரெஜிஸ்டர்" எண்டுதான் இருக்கும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுல ஒரு நிறுவனம் பதிவா இருக்கிறது ஒரு விசயம், நீங்க சேரப்போற அந்தக் கோர்ஸுக்கு தரச்சான்று இருக்கிறது இன்னொரு விசயம், அந்தச் சான்றிதழை மருத்துவ சபை ஏத்துக்கொண்டு உங்களைப் பதியிறது மூண்டாவது விசயம். மூண்டும் மூண்டு கதவு. முதல் கதவுட போட்டோவைக் காட்டிட்டு மூண்டாவது கதவும் திறந்திருக்கு எண்டு பேசுற இடங்கள் இருக்கு. வெளிநாட்டு யூனிவர்சிட்டி பேர் போட்ட டிப்ளோமாவா இருந்தாலும் இதே கேள்விதான். மருத்துவ சபைக்கு நீங்களே எழுதியோ போன் பண்ணியோ, கோர்ஸிட முழுப் பேரையும் நிறுவனத்திட பேரையும் சொல்லிக் கேளுங்க. பதில் "இல்லை" எண்டா கீழ இருக்கிற கணக்கை அசிஸ்டன்ட் சம்பளத்தை வச்சுத்தான் போடணும், போஸ்டர்ல இருக்கிற சம்பளத்தை வச்சு இல்ல. நேர்சிங் எண்டா அதுக்குத் தனிச் சபை இருக்கு, அங்க கேக்கணும்.

அடுத்தது, காசு கட்டாத வழிகள் உண்மையாவே முடிஞ்சுதா எண்டு பாருங்க. இதை ஆக்கள் அவசரத்துல தாண்டிப் போயிடுறாங்க.

யூனிவர்சிட்டியில அலைட் ஹெல்த் டிகிரி இருக்கு. யாழ்ப்பாணத்துல மெடிக்கல் லேப், நேர்சிங், பார்மசி. பேராதனையில அதோட பிசியோதெரபி, ரேடியோகிராபியும். மட்டக்களப்புல கிழக்குப் பல்கலைக்கழகத்துல நேர்சிங். டியூஷன் பீஸ் இல்ல, மகாபொல உதவித்தொகையும் 2025 பட்ஜெட்ல 5,000ல இருந்து 7,500 ஆக்கினாங்க. திருகோணமலை பின்தங்கிய மாவட்டம் எண்டு எடுத்த 16 மாவட்டத்துல ஒண்டு. அனுமதியில 40 வீதம் நாடு முழுக்கப் பொதுவான திறமை, 55 வீதம் மாவட்ட கோட்டா, மிச்சம் 5 வீதம் இந்த மாதிரி மாவட்டங்களுக்கு மேலதிகமா. அதால கொழும்புப் பிள்ளைக்குக் காணாத இசட் ஸ்கோர் எங்கட பிள்ளைக்குக் காணும் எண்டு வாற வாய்ப்பு இருக்கு. முதல் தரத்துல கொஞ்சத்தால தவறின பிள்ளைக்கு, ஏ.எல். இன்னொருக்கா எழுதுறது பன்னிரண்டு பதின்மூண்டு லட்சம் செலவழிச்சு பிரைவேட் டிப்ளோமா செய்யிறத விட மலிவு. மூண்டு தரம் எழுதலாம்தானே. "ஒரு வருஷம் வீணாப் போகுது" எண்டு வீட்டுல சத்தம் போடுவாங்க, அந்த ஒரு வருஷத்திட விலை என்ன எண்டு கீழ கணக்குல பாப்பம்.

ரெண்டாவது கெசட் (அரசாங்க வர்த்தமானி). ஹெல்த் மினிஸ்ட்ரி சயன்ஸ் படிச்ச பிள்ளைகளை எடுத்து, பயிற்சிக் காலத்துல கொடுப்பனவும் குடுத்து, முடிய நியமனமும் குடுக்குற வழி இது. நல்ல வழி, ஆனா எப்ப கெசட் வரும் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது, வயசெல்லை இருக்கு, ரிசல்ட் அடிப்படையில போட்டி இருக்கு. வெள்ளிக்கிழமை கெசட் வாறதைப் பாக்குறதுக்கு வீட்டுல ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்க. பேஸ்புக்ல யாராவது போடுவாங்க எண்டு இருந்தா, க்ளோசிங் டேட் முடிஞ்சு மூண்டு நாள் கழிச்சுத்தான் உங்கட போனுக்கு வரும்.

மூண்டாவது பார்மசிக்கு மட்டும் உள்ள ஒரு பழைய வழி. பதிஞ்ச பார்மசிஸ்ட் ஒராளுக்குக் கீழ பயிற்சி எடுத்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்துற பரீட்சையை எழுதுறது. ஊர்ல இருந்துகொண்டே ஒரு பார்மசியில சம்பளத்துக்கு நிண்டுகொண்டே செய்யக்கூடிய வழி எண்டதால கணக்குல இது எப்பிடி வருது எண்டு பிறகு காட்டுறன்.

இப்ப செலவு. இங்க நான் போடுற நம்பர் எல்லாம் உதாரணம், உங்கட இன்ஸ்டிடியூட் பீஸ், உங்கட போர்டிங் வாடகைய நீங்க மாத்திப் போடுங்க.

கொழும்புல ரெண்டு வருஷ லேப் டிப்ளோமா, பீஸ் 650,000 எண்டு வைப்பம். அதோட ரெஜிஸ்ட்ரேஷன், எக்சாம் பீஸ், யூனிபோர்ம், தடுப்பூசி, புத்தகம் எண்டு 60,000. இது போஸ்டர்ல இருக்காது, கேட்டாத்தான் சொல்லுவாங்க, அதுவும் சில இடத்துல ரெண்டாம் வருஷம்தான் தெரிய வரும். பிறகு போர்டிங்கும் சாப்பாடும் மாசம் 28,000. பிள்ளை வீட்டுல இருந்தாலும் சாப்பிடும்தானே, அதுக்கு ஒரு 10,000 கழிச்சா மேலதிகமா போறது 18,000, 24 மாசத்துக்கு 432,000. மாசம் ஒருக்கா ஊருக்கு வந்து போற செலவு 4,000 எண்டா 96,000. நைட் மெயில்ல சீட் கிடைக்காம பஸ்ல வந்தா, பிள்ளை இறங்கி வாற நேரம் சந்தியில போய் நிக்கிற அப்பாட பெட்ரோல் வேற, அதை விடுவம். மொத்தமா கையில இருந்து போற காசு 1,238,000. பீஸ் ஆறரை லட்சம் எண்டு தொடங்கின கதை பன்னிரண்டே கால் லட்சத்துக்கும் மேல வந்துட்டுது.

இன்னும் முடியல்ல. அந்த ரெண்டு வருஷம் பிள்ளை வேலைக்குப் போயிருந்தா எவ்வளவு எடுத்திருக்கும்? பிரைவேட் துறைக்கு சட்டப்படி குறைஞ்ச சம்பளம் 2025 ஏப்ரல்ல இருந்து 27,000, 2026 ஜனவரியில இருந்து 30,000. 30,000 எண்டே எடுத்தா 24 மாசத்துக்கு 720,000. இதை ஆக்கள் செலவா நினைக்கிறல்ல, ஏனெண்டா இல்லாத காசு கையை விட்டுப் போன மாதிரித் தெரியாது. ஆனா நிலாவெளியில ஹோட்டல்ல வேலைக்குச் சேர்ந்த அதே வயசு மச்சான்ட வீட்டுல ரெண்டு வருஷத்துல ஒரு பைக்கும் பிரிஜ்ஜும் வந்திருக்கும், அதைப் பாக்கக்குள்ள விளங்கும். அப்ப இந்த டிப்ளோமாட உண்மையான விலை 1,958,000. இருபது லட்சம் எண்டே வச்சுக்கொள்ளுங்க.

ஏ.எல். திரும்ப எழுதுற ஒரு வருஷத்துக்கும் இதே மாதிரி போடுங்க. விடுபடுற சம்பளம் 360,000, ரியூசன் ஒரு 120,000 எண்டா 480,000. நாலரை அஞ்சு லட்சத்துக்கு ஒரு டிகிரி வாய்ப்பு. வாய்ப்புத்தான், உறுதி இல்ல, பிள்ளைட முதல் ரிசல்ட் எங்க நிக்குது எண்டதைப் பொறுத்தது. மூண்டு எஸ் எடுத்த பிள்ளைக்கும் ரெண்டு பி ஒரு சி எடுத்த பிள்ளைக்கும் ஒரே கதை சொல்ல ஏலாது.

இனி வருமானம். இங்கதான் பெரும்பாலான ஆக்கள் சறுக்குறாங்க. முழுச் சம்பளத்தையும் கணக்குல போடக்கூடாது. கோர்ஸ் செய்யாட்டியும் அந்தப் பிள்ளை ஏதோ ஒண்டு உழைக்கும், அதைக் கழிச்சு வாற வித்தியாசம் மட்டும்தான் கோர்ஸ் குடுத்தது.

திருகோணமலையில ஒரு பிரைவேட் லேப்ல 55,000 எண்டு வைப்பம். கோர்ஸ் செய்யாம ரெண்டு வருஷம் வேலையில நிண்டிருந்தா 36,000க்கு வந்திருக்கும் எண்டு வைப்பம். வித்தியாசம் 19,000. இருபது லட்சத்துக்குக் கிட்ட உள்ளதை 19,000ஆல பிரிச்சா 103 மாசம். எட்டரை வருஷத்துக்கும் மேல. சம்பளம் 80,000 எண்டா வித்தியாசம் 44,000, 45 மாசத்துல முடியும், நாலு வருஷத்துக்குள்ள. அப்ப முழுக் கணக்கும் ஒரே ஒரு நம்பர்ல தொங்குது, உங்கட பிள்ளைக்கு உண்மையா எவ்வளவு குடுப்பாங்க எண்ட நம்பர். அதை இன்ஸ்டிடியூட்ல கேக்காதீங்க. இஞ்ச டவுன்ல, கிண்ணியாவுல, மூதூர்ல இருக்கிற லேப், பார்மசிக்குப் போய் "அண்ணா, புதுசா முடிச்சு வாற ஆளுக்கு எவ்வளவு குடுப்பீங்க" எண்டு கேளுங்க. சிரிச்சுக்கொண்டு சொல்லுவாங்க. நாலு இடத்துல கேட்டு, ஆகக் குறைஞ்சதுக்கு அடுத்ததை எடுங்க.

எங்கட ஊர் சந்தைய பத்தி ஒரு விசயம். டவுன்ல "லேப்" எண்டு போர்ட் போட்ட எல்லா இடத்துலயும் டெஸ்ட் செய்யிறல்ல. கன இடத்துல இரத்தத்தை எடுத்து, பெட்டியில போட்டு வெளியூருக்கு அனுப்பிடுவாங்க, ரிப்போர்ட் போனுக்கு வரும். அங்க தேவை இரத்தம் எடுக்கத் தெரிஞ்ச ஒரு ஆள், எம்எல்டி இல்ல, சம்பளமும் அதுக்கேத்த மாதிரித்தான். எம்எல்டி எண்டு முழுசா வேலை கிடைக்கிற இடம் மாவட்டத்துல பெரியாஸ்பத்திரி, கிண்ணியா, கந்தளாய், மூதூர் மாதிரி கவர்மென்ட் ஆஸ்பத்திரிகள், கொஞ்சம் பிரைவேட். ரேடியோகிராபி இன்னும் இறுக்கம், மெஷின் இருக்கிற இடத்துலதான் வேலை, மெஷின் எத்தின இடத்துல இருக்கு எண்டு விரல்ல எண்ணலாம். பார்மசிதான் எங்கட பக்கம் பரவலா இருக்கு, 2015ம் ஆண்டு 5ம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்துக்குக் கீழ லைசன்ஸ் எடுக்க பதிஞ்ச பார்மசிஸ்ட் வேணும், அதால கடைக்காரருக்கு உங்களைத் தேவை. பிசியோவுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, ஸ்ட்ரோக் வந்து படுத்த ஆக்களுக்கு வீட்டுக்குப் போய் செய்யிறது, ஒரு விசிட்டுக்கு இவ்வளவு எண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே பின்னேரம் அதைச் செய்யலாம். ஆனா அதுவும் பதிவு இருந்தாத்தான், இல்லாட்டி ஒரு பிரச்சினை வந்தா நீங்க தனிய நிப்பீங்க.

பார்மசி வழிய இப்ப போட்டுப் பாருங்க. பிள்ளை ஊர்ல பார்மசியில 30,000 சம்பளத்துக்கு நிக்குது, அதால விடுபடுற சம்பளம் இல்ல. வகுப்பு, பரீட்சை, கொழும்பு போய் வாற செலவு எல்லாம் மூண்டு வருஷத்துல 200,000. பதிஞ்ச பிறகு 60,000, பதியாம அப்பிடியே நிண்டிருந்தா 38,000. வித்தியாசம் 22,000. ஒன்பது பத்து மாசத்துல காசு திரும்பிடுது. முன்னுக்குச் சொன்ன 103 மாசத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. இதுல உள்ள கஷ்டம் பரீட்சை. வேலை செஞ்சுகொண்டு படிக்கிறது லேசில்ல, பெயில் விட்டா பதிவு தள்ளிப்போகும். ஆனா பெயில் விட்டாலும் பன்னிரண்டு லட்சம் கடன் தலையில இல்லதானே, எனக்கு இந்த வழி பிடிக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

கவர்மென்ட் பயிற்சி கிடைச்ச பிள்ளைக்கு பீஸ் இல்ல. வெளியூர் செலவு 432,000, போக்குவரத்து 96,000, சில்லறை 40,000, கூட்டினா 568,000. கொடுப்பனவு மாசம் 20,000 எண்டு வச்சா 480,000 கழியும், விடுபடுற சம்பளம் 720,000 கூடும், மொத்தம் 808,000. நியமனத்துக்குப் பிறகு 75,000 எண்டா வித்தியாசம் 39,000, 21 மாசத்துல சரி. கவர்மென்ட் அடிப்படைச் சம்பளம் 2025 பட்ஜெட்ல கூட்டினது தெரியும்தானே, ஆகக் குறைஞ்ச படியே 24,250ல இருந்து 40,000, அதுவும் கட்டம் கட்டமா, கடைசிக் கட்டம் 2027 ஜனவரி. அதுக்கு மேல வாழ்க்கைச் செலவுப் படி 17,800. துணை மருத்துவ தரத்துக்கு அடிப்படை இதை விடக் கூட, ஓவர்டைம் வேற. "கவர்மென்ட் மாப்பிள்ளை, கவர்மென்ட் பொம்பிளை" எண்டு கல்யாணச் சந்தையில ஏறுற விலையை நான் கணக்குல போடல்ல, அதை அவங்கவங்க அம்மாமார் போட்டு வச்சிருப்பாங்க.

இப்ப போட்ட கணக்குக்கு மேல ரெண்டு இடி விழும், அதையும் சேத்துத்தான் பாக்கணும். ஒண்டு காத்திருப்பு. கோர்ஸ் முடிஞ்ச அடுத்த நாள் வேலை எண்டு நினைக்காதீங்க. ரிசல்ட், சான்றிதழ், பதிவு, அதுக்குப் பிறகு வேலை தேடுறது. எட்டு மாசம் வீட்டுல இருந்தா 36,000 வீதம் 288,000 இன்னும் கூடுது. இருபது லட்சம் இருபத்திரண்டரை லட்சமாகுது, 103 மாசம் 118 மாசமாகுது, கிட்டத்தட்ட பத்து வருஷம். மற்றது இடையில நிக்கிறது. தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை, அங்க லெக்சர் இங்கிலீஷ்ல, போர்டிங்லயும் வார்டுலயும் சிங்களம், முதல் செமஸ்டர்லயே மூச்சுத் திணறும். பிள்ளைல பிழை இல்ல, ஆனா அந்தப் பாடங்கள் திரும்ப எழுத ஒவ்வொண்டுக்கும் பீஸ். சேர முதல் ஆறு மாசம் இங்கிலீஷ் வகுப்புக்குப் போக விடுங்க, அந்தச் செலவுதான் முழுக் கணக்குலயும் ஆக மலிவான செலவு.

கையில காசு இருக்கிற வீட்டுக்கும் ஒரு கேள்வி. அந்த 1,238,000ஐ பேங்க்ல பிக்சட்ல போட்டா, வருஷம் 8 வீதம் எண்டு வச்சா 99,000, மாசம் 8,250 சும்மா வரும். அப்ப 19,000 வித்தியாசம் எண்டு சொன்னதுல உண்மையா மிஞ்சுறது பத்தாயிரத்துச் சொச்சம். அதுக்காக படிக்காதீங்க எண்டு சொல்ல வரல்ல. தொழில் கையில இருக்கிறதுக்கு ஒரு மரியாதை இருக்கு, ஹோட்டல் வேலை சீசன் முடிய நிண்டு போகும், லேப் வேலை நிண்டு போகாது. அதுக்கு எவ்வளவு விலை குடுக்குறீங்க எண்டு தெரிஞ்சு குடுங்க எண்டுதான் சொல்றன்.

காசு இல்லாத வீடு எண்டா கடன் எங்க எடுக்குறீங்க எண்டதை எழுதி வையுங்க. ஏ.எல். பாஸ் பண்ணி கெம்பஸ் கிடைக்காத பிள்ளைகளுக்கு அரசாங்கம் குடுக்குற வட்டியில்லாக் கடன் அவங்க அங்கீகரிச்ச பட்டப்படிப்புக்குத்தான், டிப்ளோமாவுக்கு அதை நம்பி இறங்காதீங்க. நகை அடகு எண்டா, மாசம் மாசம் வட்டிய கட்டுவீங்களா இல்ல முடிவுல மொத்தமா கட்டுவீங்களா, மீட்க ஏலாமப் போனா ஏலத்துக்குப் போகும் எண்டதையும் யோசிங்க. சீட்டுக் காசு பரவாயில்ல, திகதி முதலே தெரியும். மைக்ரோ பினான்ஸ்ல கிழமைக்குக் கிழமை கட்டுற கடன் எடுத்து ரெண்டு வருஷக் கோர்ஸுக்குக் கட்டாதீங்க, கோர்ஸ் முடியிற வரைக்கும் ஒரு சதம் வருமானம் வராது, தவணை அடுத்த கிழமையே வரும், எங்கட பக்கம் அக்காமார் அதுல பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். எந்தக் கடன் எண்டாலும் வட்டிய செலவுப் பக்கம் சேருங்க. பழைய பெட்ச் பிள்ளைகள் சொல்ற சம்பளக் கதையையும் பாத்துக் கேளுங்க, 2022 செப்டம்பர்ல பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுட்டு வந்த நாடு இது, 2019ல ஒருத்தர் எடுத்த சம்பளத்தை வச்சு இண்டைக்கு கணக்குப் போட ஏலாது.

வெளிநாட்டுக் கதை இல்லாம எங்கட வீட்டுல எந்தப் படிப்பும் முடியாது, அதால அதையும் சொல்லிடுறன். கல்ப் எண்டா சவூதி, டுபாய், கட்டார் எல்லாத்துக்கும் சான்றிதழ் சரிபாக்குறது ஒண்டு (டேட்டாபுளோ எண்டு சொல்றது), பிறகு அவங்கட லைசன்ஸ் பரீட்சை, அதோட பெரும்பாலும் முடிச்ச பிறகு ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க. ஊர் நாட்டுல பதிவு இல்லாத ஆள் அந்த வாசலுக்கே போக ஏலாது. அப்ப கல்ப் சம்பளத்தை மூண்டாம் வருஷத்துல இருந்து போடாதீங்க, அஞ்சாம் வருஷத்துக்குப் பிறகு போடுங்க.

அமெரிக்கா எண்டா யூடியூப்ல "ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி, வருஷம் எண்பதாயிரம் டொலர்" எண்டு வீடியோ ஓடுது. அந்த நம்பர் பொய் இல்ல. அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகத்திட 2024 மே கணக்குல ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டிட நடு மட்டச் சம்பளம் வருஷம் 80,450 டொலர், பல் சுத்தம் செய்யிற டென்டல் ஹைஜீனிஸ்ட்டுக்கு 94,260. ரெண்டுக்கும் அங்க அசோசியேட் டிகிரியோட உள்ளுக்குப் போகலாம். ஆனா அந்தக் கணக்கு அங்க பிறந்த, இல்லாட்டி க்ரீன் கார்ட் உள்ள பிள்ளைக்கு. உள்ளூர்ப் பிள்ளைக்கு கொமியுனிட்டி கொலேஜ் பீஸ் மலிவு, இஞ்ச இருந்து ஸ்டூடன்ட் விசாவுல போற பிள்ளைக்கு அதே வகுப்புக்கு பல மடங்கு. விசாவுக்கே முதல் வருஷக் காசைக் காட்டணும், படிக்கக்குள்ள வேலை கெம்பஸுக்குள்ள கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். கன இடத்துல முதல் பொதுப்பாடங்கள் முடிச்சு, பிறகு போட்டி போட்டுத்தான் அந்த ஹெல்த் புரோகிராமுக்குள்ள இடம் எடுக்கணும், ரெண்டு வருஷம் மூண்டாகும். முடிஞ்சா ஒரு வருஷம் வேலை அனுமதி இருக்கு, அதை ரெண்டு வருஷம் நீட்டுற சலுகைக்கு குறைஞ்சது பச்சுலர் டிகிரி வேணும், எச்-1பி விசாவும் பொதுவா பச்சுலர் டிகிரி கேக்குற வேலைக்குத்தான். அப்ப எண்பதாயிரம் டொலரை ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் கணக்குல போடலாம், அதுவும் லைசன்ஸ் எடுத்து வேலை கிடைக்கிற வரைக்கும் போற மாசங்களைக் கழிச்சு. அங்க இருக்கிற மாமாட மகளுக்கு நல்ல படிப்பு, உங்களுக்கு அதே படிப்பு வேற கணக்கு. மாமாவோட இதுக்கு வாதாட வேணாம், அவர் சொல்றது அவர்ட பிள்ளைக்குச் சரி.

இவ்வளவும் பாத்து பதிவு உறுதி, உள்ளூர்ச் சம்பளம் விசாரிச்சாச்சு, காசு திரும்ப வாற மாசக் கணக்கு 50, 60க்குள்ள நிக்குது எண்டா சேருங்க, பயப்பட வேணாம். 100ஐத் தாண்டுது எண்டா அந்தக் கோர்ஸை விட்டுட்டு வேற கோர்ஸோ வேற வழியோ பாருங்க, கோர்ஸ் நல்லது கெட்டது எண்டு இல்ல, அந்த விலைக்கு அது சரிவராது. நடுவுல நிண்டா பிள்ளைக்கு அந்த வேலை உண்மையா பிடிக்குமா எண்டதை வச்சு முடிவெடுங்க. இரத்தத்தைப் பாத்தா தலை சுத்துற பிள்ளையை லேப் படிக்க விட்ட வீடு எனக்குத் தெரியும்.

சேரக்குள்ள காசு கட்டுற விதத்தைப் பேசுங்க. முழுப் பீஸையும் ஒரேயடியா கட்டினா டிஸ்கவுன்ட் எண்டு ஆசை காட்டுவாங்க, கட்டாதீங்க, செமஸ்டர் செமஸ்டரா கட்டுங்க. இடையில நிண்டா எவ்வளவு திருப்பித் தருவீங்க எண்டதை கடிதத்துல எழுதி வாங்குங்க, வாயால சொன்னதுக்கு பெறுமதி இல்ல. ஏ.எல். ஒரிஜினல் சான்றிதழ், பேர்த் சேர்டிபிகேட் ஒண்டையும் அவங்கட கையில விட்டுட்டு வராதீங்க, கொப்பி குடுங்க, ஒரிஜினலைக் காட்டிட்டு திரும்ப எடுத்துடுங்க. ஹொஸ்பிட்டல் ட்ரெய்னிங் எந்த ஹொஸ்பிட்டல்ல, எத்தின மாசம், அதுக்கு வேற காசா எண்டு கேளுங்க. "ஏற்பாடு செய்து தருவம்" எண்டு மட்டும் சொன்னா, ட்ரெய்னிங் இல்லாம சான்றிதழ் மட்டும் தந்து அனுப்பின இடங்கள் இருக்கு எண்டதை நினைச்சுக்கொள்ளுங்க.

கடைசியா, போன பெட்ச் பிள்ளைகள் மூண்டு நாலு பேரோட கதைக்கணும் எண்டு கேளுங்க. இன்ஸ்டிடியூட் தாற ஒராள், நீங்களாத் தேடிப் பிடிச்ச ரெண்டு பேர். "கோர்ஸ் எப்பிடி" எண்டு கேட்டா "நல்லம்" எண்டுதான் சொல்லுவாங்க. அதைக் கேக்காம, உங்களோட சேர்ந்த ஆக்கள்ல எத்தின பேர் முடிச்சீங்க, எத்தின பேருக்கு மருத்துவ சபையில பதிவு கிடைச்சுது, முதல் மாசச் சம்பளம் கையில எவ்வளவு வந்துது எண்டு கேளுங்க. முதல் ரெண்டு கேள்விக்கும் அவங்க யோசிக்காம பதில் சொன்னா நல்ல இடம். மூண்டாவதுக்கு யோசிச்சா பரவாயில்ல, எங்கட ஊர்ல சம்பளத்தை யாரும் டக்கெண்டு சொல்ல மாட்டாங்க.